ஒரு கவளத்தைப் பிரித்துப் பார்ப்பது

தட்டிலிருக்கும் சோறு வாய்க்குப் போய்ச் சேர எத்தனை அசைவுகள் தேவை? தோள் கையை முன்னே கொண்டுபோக வேண்டும். முழங்கை நீள வேண்டும். மணிக்கட்டு சற்று மேல்நோக்கி நிமிர்ந்து நிற்க வேண்டும். அது தொய்ந்துவிட்டால் விரல்களுக்குப் பிடி கிடைக்காது. விரல்கள் விரிந்து, பிசைந்து, குவிந்து சோற்றை எடுத்ததும் முன்கை திரும்பி உள்ளங்கை முகத்தைப் பார்க்க வேண்டும். முழங்கை மடங்க வேண்டும். கடைசியில் கட்டைவிரல் கவளத்தை உள்ளே தள்ள வேண்டும். இவ்வளவும் நடக்கும்போது உடம்பு ஒரு பக்கம் சாய்ந்துவிடாமல் முதுகும் இடுப்பும் தாங்கிப் பிடிக்க வேண்டும்.

பக்கவாதம் வந்தவரைப் பற்றி வீட்டார் "கையால் சாப்பிட முடியவில்லை" என்று ஒரே வரியில் சொல்வார்கள். அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பழக்கும் சிகிச்சையான ஆக்குபேஷனல் தெரபி அந்த ஒரு வரியை ஏற்றுக்கொள்ளாது. மேலே சொன்ன வரிசையில் எந்த இடத்தில் வேலை நிற்கிறது என்பதே அதன் முதல் கேள்வி. பலருக்கு விரல்களை மடக்க வரும், விரிக்க வராது. முழங்கையை மடக்கினால் தோளும் சேர்ந்து தூக்கிக்கொள்ளும், விரல்கள் தாமாக இறுகும். சோற்றை எடுத்துவிடுவார்கள், வாயருகே வந்ததும் விரல்களைத் திறந்து கவளத்தை விட முடியாது. இன்னொருவருக்குக் கையில் பலம் போதும், உட்கார்ந்தால் உடம்பு சாய்கிறது. இவருக்குக் கைப்பயிற்சி கொடுத்துப் பயனில்லை. முதலில் நாற்காலியைச் சரிசெய்ய வேண்டும்.

தசையை வலுப்படுத்துவதும் மூட்டை இயக்குவதும் பெரும்பாலும் பிசியோதெரபியின் பக்கம். அந்த இயக்கத்தைக் குளியல், உடை, சாப்பாடு, வேலை என்று ஒரு காரியமாக மாற்றுவது ஆக்குபேஷனல் தெரபியின் பக்கம். இரண்டுக்கும் நடுவில் கோடு போட முடியாது, போடவும் தேவையில்லை.

காரியத்தைச் செய்துதான் பழக வேண்டும் என்பதற்கு மூளையிலேயே காரணம் இருக்கிறது. மூளையின் மேற்பரப்பில் கைக்கென்று ஒரு பகுதி உண்டு. 1990களில் அமெரிக்க மூளை ஆய்வாளர் ராண்டால்ஃப் நூடோவின் குழு அணில் குரங்குகளின் மூளையில் அந்தப் பகுதியின் ஒரு சிறு துண்டை மட்டும் செயலிழக்கச் செய்து கவனித்தது. பயிற்சியில்லாமல் விடப்பட்ட குரங்குகளில், சேதமடையாமல் மிஞ்சியிருந்த கைப்பகுதியும் சுருங்கியது. ஆளில்லாத மனையை அக்கம்பக்கத்தார் வளைத்துப்போடுவது போல, தோளுக்கும் முழங்கைக்கும் உரிய மூளைப் பகுதிகள் அந்த இடத்துக்குள் நுழைந்தன. சின்னக் குழிகளிலிருந்து உணவுத் துணுக்குகளை விரலால் எடுக்கும்படி பழக்கப்பட்ட குரங்குகளில் கைப்பகுதி நிலைத்தது. சிலவற்றில் பக்கத்து இடத்துக்கும் பரவியது.

அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தாப் கண்டது இதைவிட விசித்திரம். ஒரு கையின் உணர்ச்சி நரம்புகள் துண்டிக்கப்பட்ட குரங்கு அந்தக் கையை அடியோடு ஒதுக்கிவிடுகிறது. இத்தனைக்கும் தசையை இயக்கும் நரம்புகள் நன்றாகவே இருக்கின்றன. தொடக்கத்தில் முயன்று தோற்றதால், "இந்தக் கை உதவாது" என்று குரங்கு கற்றுக்கொண்டுவிடுகிறது. நல்ல கையைக் கட்டிப்போட்டதும் ஒதுக்கிய கை வேலைக்கு வந்தது. மனிதர்களுக்கும் இதே வழிதான். நல்ல கைக்கு விரல் பிரியாத தடித்த கையுறை மாட்டி, விழித்திருக்கும் நேரத்தில் பத்தில் ஒன்பது பங்கு அப்படியே வைத்திருந்து, பாதித்த கையால் அன்றாட வேலைகளைச் செய்யவைப்பார்கள். பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதங்களான 222 பேரிடம் அமெரிக்காவில் இரண்டு வாரம் இப்படிச் செய்துபார்த்த ஆய்வு 2006இல் வெளியானது. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட இவர்களின் கை தெளிவாகத் தேறியிருந்தது, ஓராண்டு கழித்தும் அந்தத் தேர்ச்சி நின்றது. ஆனால் மணிக்கட்டையும் விரல்களையும் கொஞ்சமாவது நிமிர்த்த முடிந்தவர்களுக்கே இது பொருந்தும். முற்றிலும் துவண்ட கையோடு இருப்பவரின் நல்ல கையையும் கட்டிவைப்பது கொடுமை.

நம் வீடுகளில் நடப்பது பெரும்பாலும் இதற்கு நேரெதிர். மருமகள் ஊட்டிவிடுகிறார், மகன் சட்டை மாட்டிவிடுகிறார், பேரன் தண்ணீர் சொம்பை வாயில் வைக்கிறான். அன்பில் குறையில்லை. ஆனால் கை ஒதுங்கிப்போக இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. தெரபிஸ்ட் வீட்டாருக்குக் கற்றுக்கொடுப்பதில் கடினமான பாடம், எப்போது கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்க வேண்டும் என்பதுதான். சட்டை மாட்ட இருபது நிமிடம் ஆனால் ஆகட்டும்.

சட்டைக்கு ஒரு முறை உண்டு. போடும்போது பாதித்த கை முதலில், கழற்றும்போது அது கடைசியில். சட்டையை மடியில் விரித்து, நல்ல கையால் சட்டைக்கையைச் சுருட்டி, செயலற்ற கையை அதற்குள் நுழைத்துத் தோள்வரை ஏற்றிவிட்டால் மற்றக் கை தானே வழி கண்டுகொள்ளும். மாற்றிச் செய்தால் பாதித்த கையை இழுத்து முறுக்க வேண்டிவரும். பக்கவாதத்தில் தளர்ந்த தோள் மூட்டு அதைத் தாங்காது.

சாப்பாட்டில் படிகள் உண்டு. முதலில் இட்லித் துண்டு, பிறகு தயிர் சாதம், ரசம் சாதம் எல்லாவற்றுக்கும் கடைசியில். தட்டு நகராமல் அடியில் ஈரத்துணி. விளிம்பு உயர்ந்த தட்டாக இருந்தால் சோற்றைச் சுவரில் அணைத்து எடுக்கலாம். கரண்டிதான் என்றால் காம்பில் துணியைச் சுற்றித் தடிமனாக்கினால் பலவீனமான பிடியும் போதும். கை தேறுவதற்காகக் காத்திருக்காமல் வேலையையும் பொருளையும் இப்படி வளைப்பதுதான் இந்தச் சிகிச்சையின் மறுபாதி. என்னைக் கேட்டால், ஆயிரக்கணக்கில் விலைபோகும் ரோபோ கையுறைகளைவிடக் குளியலறையில் சரியான உயரத்தில் பதித்த ஒரு கைப்பிடிக் கம்பிக்கு மதிப்பு அதிகம்.

சில சமயம் சிக்கல் கையிலேயே இருப்பதில்லை. மூளையின் வலப்பக்கம் பாதிக்கப்பட்ட சிலர் தட்டின் வலப்பாதியை மட்டும் சாப்பிட்டுவிட்டு, "கூட்டு வைக்கவில்லையா?" என்று கேட்பார்கள். கூட்டு இடப்பக்கம் இருக்கும். கண்ணில் குறையில்லை, மூளை இடப்புறத்தைக் கவனிக்க மறுக்கிறது. தட்டின் இட விளிம்பில் சிவப்பு நாடா ஒட்டி, அது கண்ணில் படும்வரை தலையைத் திருப்பப் பழக்குவார்கள்.

இந்தத் துறை நமக்குப் புதிதல்ல. மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் 1950இல் கமலா நிம்ப்கர் இதற்கான பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அதே காலத்தில் வேலூரில் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களுக்குத் தசைநாண் மாற்று அறுவை செய்துகொண்டிருந்தார். இவ்வகை அறுவையில் மோதிர விரலை மடக்கும் நாணைக் கட்டைவிரலுக்குத் திருப்பிவிடுவதுண்டு. கட்டு பிரித்த பிறகு மோதிர விரலை மடக்க நினைத்தால் கட்டைவிரல் அசையும். அந்தக் குழப்பத்திலிருந்து ஒரு பயனுள்ள கையை உருவாக்க வாரக்கணக்கான பயிற்சி வேண்டும். 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே இத்தகைய அறுவைகளைச் செய்தார். நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, வேலூரில் அதற்கென ஒரு துறையை வளர்த்தார். 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது.

முன்னேற்றத்தை அளக்க 1965இல் வெளியான பார்த்தல் அட்டவணை இன்றும் புழக்கத்தில் உள்ளது. பத்து வேலைகள், மொத்தம் 100 மதிப்பெண். தானாகச் சாப்பிட்டால் 10, பாதி உதவியோடு 5, ஊட்டிவிட்டால் 0. கை எத்தனை டிகிரி உயர்ந்தது என்று அது கேட்பதே இல்லை. எனினும் நூற்றுக்கு நூறு வாங்கியவருக்கும் சமைக்கவோ பஸ் ஏறவோ முடியாமல் இருக்கலாம். அந்த வேலைகள் பட்டியலில் இல்லை. ஆகவே நல்ல தெரபிஸ்ட் அட்டவணையோடு நிறுத்தாமல், நோயாளிக்கு எந்த வேலை முக்கியம் என்று அவரிடமே கேட்டு, அதற்கு அவரையே மதிப்பெண் போடச் சொல்வார். ஒரே அளவு பாதிப்புள்ள இருவரில் ஒருவர் வாசலில் கோலம் போட வேண்டும் என்பார். அவருக்குத் தரையில் குனிந்து நிமிரும் சமநிலையும் கோலமாவைச் சீராக விடும் விரலும் வேண்டும். மற்றவர் தையல்காரராக இருந்தால் பயிற்சி மிதியில் வைக்கும் காலிலிருந்து தொடங்கும், ஊசியில் நூல் கோப்பது பிறகு வரும், அதற்கும் வரவில்லையென்றால் நூல் கோக்கும் சிறு கருவி கடையில் கிடைக்கிறது.