கதிரை ஏன் ஆடுகிறது?

கொழும்பு வெள்ளவத்தையில் அம்மம்மா வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஆறு தேக்குக் கதிரைகள் இருந்தன. கீழே போகப்போக மெலியும் கால்கள், முதுகை வாங்கிக்கொள்ள ஒரு வளைந்த பலகை, இருக்கையில் பழுப்புத் தோல். 1950களில் டென்மார்க்கிலிருந்து உலகமெங்கும் பரவிய பாணி. கடற்காற்றில் ஐம்பது வருடத்துக்கு மேல் அசையாமல் நின்றவை, எங்கள் அடுக்குமாடி வீட்டின் ஏசி அறைக்கு வந்து ஒரு வருடத்துக்குள் கிறீச்சிடத் தொடங்கின. வயது போய்விட்டது என்றார்கள் எல்லோரும். வயதல்ல, காற்று.

மரம் வெட்டப்பட்ட பிறகும் ஈரத்தை வாங்கி விடுவதை நிறுத்துவதில்லை. கொழும்பில் திறந்த ஜன்னல் வீட்டில் காற்றின் ஈரப்பதம் 80 வீதத்தை ஒட்டியே நிற்கும். அங்கே மரத்தின் உலர்ந்த எடையில் ஏறக்குறைய 16 வீதம் அளவுக்குத் தண்ணீர். ஏசி அறையில் ஈரப்பதம் 50 வீதத்துக்கு இறங்கினால் அது 9 வீதமாகிறது. நார் ஓடும் நீளவாக்கில் மரம் அநேகமாக மாறுவதே இல்லை. குறுக்கேதான் சுருங்கும், வீங்கும். மழைக்காலத்தில் கதவு இறுகுவதும் இதனால்தான்.

கதிரையின் பக்கச் சட்டம் பின்காலோடு சேரும் இடத்தைப் பாருங்கள். சட்டத்தின் நுனியில் செதுக்கிய நாக்கு கழுந்து. காலில் குடைந்த குழி பொளி. கழுந்தின் அகலம் குறுக்கு நாரில் இருக்கிறது, பொளியின் நீளமோ காலின் நீளவாக்கில். ஒன்று சுருங்க, மற்றது அப்படியே நிற்கும். 5 சென்ரிமீற்றர் அகலக் கழுந்து ஏசி அறையில் அரை மில்லிமீற்றர் வரை சிறுக்கலாம். அவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் மூட்டின் இறுக்கம் முழுவதும் அந்த அரை மில்லிமீற்றரில்தான் இருக்கிறது.

இதைவிட மோசமானது அடுத்த கட்டம். இரண்டு வாரம் ஊருக்குப் போகிறோம், ஏசி நிற்கிறது, கழுந்து மறுபடி வீங்குகிறது. பொளி இடம் கொடுக்காததால் கழுந்தின் நார்கள் நசுங்குகின்றன. நசுங்கிய நார் காயும்போது பழைய அளவுக்குத் திரும்பாது, இன்னும் சிறிதாகிவிடும். ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக இடைவெளி கூடும்.

அப்புறம் நாம் சாய்கிறோம். இருக்கைக்கு 40 சென்ரிமீற்றர் மேலே முதுகு தள்ள, அதைத் தாங்குவது 5 சென்ரிமீற்றர் கழுந்து. நெம்புகோல் கணக்கில் எட்டு மடங்கு. பழைய கனத்த கதிரைகளில் கால்களைக் கீழே பிணைக்கும் குறுக்குச் சட்டங்கள் இந்தச் சுமையில் பங்கு எடுத்தன. டென்மார்க் வடிவமைப்பாளர் ஹான்ஸ் வெக்னர் 1949இல் வடிவமைத்த, 1960இல் கென்னடி - நிக்சன் தொலைக்காட்சி விவாதத்தில் வைக்கப்பட்ட கதிரையில் அவை இல்லை. அந்த மெல்லிய அழகு முழுக்க மூட்டுகளின் உழைப்பு.

எங்கள் கதிரையைத் திருப்பிப் பார்த்த ஓடாவி ஐயா முதலில் கேட்டது, "இதுக்கு ஆணி அடிச்ச ஆள் யார் தம்பி?" யாரோ முன்பு அடித்திருந்தார்கள். ஆணி நாரைப் பிளக்கும், மரம் அசைய விடாது, ஈரத்தில் துருவும் பிடிக்கும். அவர் ஆணியைப் பிடுங்கி, மூட்டில் வெந்நீர் விட்டுச் சூடு காட்டினார். கொஞ்ச நேரத்தில் கழுந்து மெல்லக் கழன்று வந்தது, பழுப்பாக வச்சிரம் ஒட்டிக்கொண்டிருந்தது. வச்சிரம் என்பது தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த பசை. மேலே இருக்கைத் தோலில் உள்ள அதே கொலாஜன் புரதம். ஈரச் சூட்டில் இளகும், ஆறினால் இறுகும். பழைய வச்சிரத்தின் மேல் புது வச்சிரம் பூசினால் இரண்டும் கரைந்து ஒன்றாகிவிடும். காய்ந்த வெள்ளைப் பசையின் மேல் புதுப் பசை அப்படிப் பிடிக்காது. இடைவெளிக்கு மெல்லிய தேக்குச் சீவலை ஒட்டி, கயிறு சுற்றி முறுக்கி, ஒரு நாள் விட்டார்.

தோலிலும் ஒரு வெள்ளைப் படலம் இருந்தது. பூஞ்சணம் என்றே நினைத்தேன். ஈரம் 70 வீதத்துக்கு மேல் போனால் தோலின் கொழுப்பிலும் நம் வியர்வையிலும் பூஞ்சணம் நன்றாக வளரும். ஆனால் அம்மம்மா வருடக்கணக்காகத் தேங்காய் எண்ணெய் பூசி வந்தவர். அது 24 பாகை செல்சியஸ் அளவில் உறைந்துவிடும். எங்கள் ஏசி 22இல் ஓடுகிறது. தலைமுடி உலர்த்தியை ஒரு நிமிடம் காட்டினேன். பூஞ்சணமாக இருந்தால் அப்படியே நின்றிருக்கும். இது உருகி, தோலுக்குள் இறங்கி மறைந்தது.