அந்த 45 சதவீதத்தில் யார் யார் இருக்கிறார்கள்?

கருத்துக்கணிப்பு எடுப்பது என் தொழில். சோப்பு, பால் பாக்கெட், டிவி நிகழ்ச்சி, செல்போன் சேவை என்று எதைப் பற்றியும் மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டு, எண்ணி, எழுதிக் கொடுக்கிற வேலை. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும்போது நான் எடுத்துக்கொள்ளும் உதாரணம் பெரும்பாலும் ஒரு ஹாலிவுட் படம்தான். 2019-ல் வந்த 'கேப்டன் மார்வெல்'. அந்த ஒரே படத்துக்கு மூன்று இடங்களில் நான்கு விதமான மதிப்பெண் கிடைத்தது: 79 சதவீதம், 64, 'ஏ', 45 சதவீதம். எதுவும் யாரோ இட்டுக்கட்டியது இல்லை. நான்கும் வேறு வேறு ஆட்களிடமிருந்து வேறு வேறு வழியில் வாங்கிய பதில்கள்.

இதைப் பயிற்சி வகுப்போடு நிறுத்திக்கொள்ளாமல் இங்கே எழுத ஒரு காரணம் உண்டு. ரேட்டிங் ஸ்கிரீன்ஷாட் ஒன்றை வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு, பிள்ளைகளைப் படத்துக்குக் கூட்டிப்போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிறவர்கள் இப்போது மிக அதிகம். படத்தோடு நிற்காமல், அதில் நடித்தவர்களைப் பற்றியும் அதை ரசித்தவர்களைப் பற்றியும் அதே எண்ணை வைத்துத் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்.

படம் 2019 மார்ச் 8 அன்று, சர்வதேச மகளிர் தினத்தில் வெளியானது. சூப்பர் ஹீரோ படங்கள் எடுக்கும் மார்வெல் ஸ்டுடியோஸின் 21-வது படம். ஒரு பெண் மட்டுமே மையமாக நின்ற அவர்களுடைய முதல் படமும் அதுதான். நாயகி பிரீ லார்சன்; இயக்கியவர்கள் அன்னா போடன், ரயன் ஃப்ளெக். 15 கோடி டாலருக்கு மேல் செலவு.

சண்டை அதற்கு வெகு முன்பே தொடங்கிவிட்டது. 2018 ஜூனில் ஒரு விருது விழாவில் லார்சன் பேசினார். அமெரிக்காவில் பெரிய படங்களுக்கு விமர்சனம் எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் வெள்ளைக்கார ஆண்கள் என்று தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் எடுத்த கணக்கைச் சுட்டிக்காட்டி, மற்றவர்களுக்கும் இடம் கொடுங்கள் என்றார். வெள்ளைக்கார ஆண்களை வெறுப்பதாகச் சொல்லவில்லை என்றும் அதே மேடையில் தெளிவாகச் சொன்னார். 2019 பிப்ரவரியில் வந்த ஒரு பேட்டியிலும் அதே கருத்துத்தான். ஆனால் பேச்சிலிருந்து வெட்டிய ஒரு துண்டுதான் ஊரெல்லாம் சுற்றியது. 'இந்த நடிகைக்கு ஆண்களைப் பிடிக்காது, இந்தப் படத்தை ஓடவிடக் கூடாது' என்ற பிரசாரம் கிளம்பியது.

அந்தப் பிரசாரத்துக்கு இடம் கிடைத்தது, பட விமர்சனங்களையும் ரசிகர் ரேட்டிங்குகளையும் தொகுத்துக் காட்டும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில். வரப்போகும் படத்தைப் பார்க்க விருப்பமா என்று கேட்டு, விருப்பமுள்ளவர்களின் விகிதத்தைச் சதவீதமாகக் காட்டும் வசதி அப்போது அங்கே இருந்தது. 'கேப்டன் மார்வெல்' படத்துக்கு அது 30-க்கும் கீழே போனது. கேட்டது எதிர்பார்ப்பைப் பற்றி. பலர் அதில் பதிவு செய்தது எதிர்ப்பை. பிப்ரவரிக் கடைசியில் அந்தச் சதவீதத்தையே தளம் எடுத்துவிட்டது; ரிலீஸுக்கு முன்னால் கருத்து எழுதுவதையும் நிறுத்தியது. அப்படியும் படம் வந்த நாளில் சில மணி நேரத்துக்குள் 50,000-க்கும் மேற்பட்ட ரேட்டிங்குகள் பதிவானதாகத் தளம் காட்டியது. ரிலீஸுக்கு முன் வந்த ஓட்டுகளும் சேர்ந்து எண்ணப்பட்ட கோளாறு அது என்று விளக்கம் கொடுத்து, பிறகு சரிசெய்தார்கள். சரிசெய்யும் முன் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டுகள் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தன.

இப்போது அந்த நான்கு எண்களுக்கு வருகிறேன். இதை நிதானமாகப் படியுங்கள்.

79 சதவீதம் என்பது ராட்டன் டொமேட்டோஸில் தொழில்முறை விமர்சகர்கள் பகுதியில் கிடைத்தது. பலர் இதை நூற்றுக்கு 79 மார்க் என்று படிக்கிறார்கள். அது மார்க் கிடையாது. ஒவ்வொரு விமர்சனத்தையும் 'பரவாயில்லை, பார்க்கலாம்' அல்லது 'தேறவில்லை' என்று இரண்டில் ஒன்றாகப் பிரித்து, முதல் வகை எத்தனை சதவீதம் என்று மட்டும் சொல்வார்கள். 60-ஐத் தொட்டால் சிவப்புத் தக்காளி; இல்லாவிட்டால் சிதறிய பச்சைத் தக்காளி. நூறு பேர் ஒரு படத்துக்கு ஐந்துக்கு மூன்று கொடுத்து 'பார்க்கலாம்' என்று எழுதினால் அந்தப் படத்துக்கு 100 சதவீதம். அறுபது பேர் தலைமேல் வைத்துக் கொண்டாடி, நாற்பது பேருக்குப் பிடிக்காமல் போன படத்துக்கு 60 சதவீதம். இந்த இரண்டில் எது நல்ல படம் என்பதற்கு அந்த எண்ணில் பதில் இல்லை. அதே விமர்சகர்கள் கொடுத்த சராசரி மதிப்பெண், 10-க்குக் கிட்டத்தட்ட 6.8, பக்கத்திலேயே எங்கோ சிறிதாக இருக்கும். அதைத் தேடிப் படிப்பவர்கள் குறைவு.

64 என்பது மெட்டாக்ரிட்டிக் தளத்தின் எண். அங்கே ஒவ்வொரு விமர்சனத்தையும் நூற்றுக்கு இத்தனை என்று மாற்றி, சில இதழ்களுக்குக் கூடுதல் மதிப்புக் கொடுத்துச் சராசரி எடுப்பார்கள். 'கேப்டன் மார்வெல்' விமர்சகர்களிடம் எந்த இடத்தில் நின்றது என்பதை 79-ஐவிட இந்த 64-தான் சரியாகச் சொல்கிறது என்பது என் கருத்து. ஓரளவு பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

'ஏ' கொடுத்தது சினிமாஸ்கோர். 1970-களின் கடைசியில் லாஸ் வேகாஸில் தொடங்கிய நிறுவனம். அமெரிக்காவிலும் கனடாவிலும் தேர்ந்தெடுத்த தியேட்டர்களில், படம் வெளியாகும் முதல் இரவில், டிக்கெட் வாங்கி வந்தவர்களிடம் ஒரு சிறிய அட்டையைக் கொடுத்து மதிப்பெண் கேட்பார்கள். தொழில்காரன் என்ற முறையில் எனக்கு மரியாதை இருப்பது இதன்மீதுதான். பதில் சொல்கிறவர் படத்தைப் பார்த்தவர் என்பது உறுதி. வீட்டிலிருந்து கிளம்பி, பணம் கொடுத்து, இரண்டு மணி நேரம் உட்கார்ந்தவர். குறையும் உண்டு: முதல் இரவே வருகிறவர் ஏற்கெனவே ஆசையோடு வருகிறவர். அதனால் இதில் மதிப்பெண் தாராளமாகவே விழும். சூப்பர் ஹீரோ படத்துக்கு 'பி' கிடைத்தால் பள்ளிக்கூடத்தில் வாங்கும் 'பி' மாதிரி எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆசையோடு வந்தவருக்கே ஏமாற்றம் என்றுதான் படிக்க வேண்டும்.

கடைசியாக அந்த 45. ராட்டன் டொமேட்டோஸில் பொதுமக்கள் பகுதி. ஐந்துக்கு மூன்றரை ஸ்டாரும் அதற்கு மேலும் கொடுத்தவர்களின் சதவீதம். அப்போது அதில் ஓட்டுப் போட டிக்கெட் வேண்டாம், படம் பார்த்திருக்கவும் வேண்டாம். ஒரு கணக்கு இருந்தால் போதும்.

களத்தில் இதை நாங்கள் தினமும் பார்க்கிறோம். கடையிலிருந்து வெளியே வருகிறவர்களில் ஐந்தாவது ஆள், பத்தாவது ஆள் என்று நாமாக எண்ணி நிறுத்திக் கேட்டால் ஒரு விதமான பதில் வரும். 'கருத்துச் சொல்ல விரும்புகிறவர்கள் வாருங்கள்' என்று மேசை போட்டு உட்கார்ந்தால் வேறு விதமான பதில் வரும். மேசையைத் தேடி வருகிறவர்களில் ரொம்பக் கோபமாக இருக்கிறவரும் ரொம்பச் சந்தோஷமாக இருக்கிறவரும்தான் அதிகம். 'ம்ம், பரவாயில்லை' என்று நினைக்கிற ஆள், அதாவது பெரும்பாலான ஆட்கள், பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விடுவார்கள். அந்த மேசைக்கு வெளியூரிலிருந்து வண்டி வைத்து ஆள் கூட்டி வந்தால் என்ன ஆகும்? அதுதான் 2019 மார்ச்சில் நடந்தது.

45 சதவீதத்துக்கு வெளியே இருந்த எல்லோரும் பொய்யர்கள் என்று சொல்ல வரவில்லை. படம் பார்த்து, உண்மையாகவே பிடிக்காமல், இரண்டு ஸ்டார் போட்டவர்கள் நிச்சயம் இருந்தார்கள். என் வருத்தமே அவர்களை எண்ணித்தான். படத்தில் குறை இருந்தது. ஞாபகத்தை இழந்த நாயகியின் கதை என்பதால் முதல் பாதி துண்டு துண்டாக நின்றது, சண்டைக் காட்சிகள் முன்பு பார்த்த மாதிரியே இருந்தன, நாயகியின் உள்ளம் நமக்குப் பிடிபடத் தாமதமாகிறது என்று பல விமர்சகர்கள் பொறுப்போடு எழுதினார்கள். சாமுவேல் ஜாக்சனை இளமையாக்கிக் காட்டிய நுட்பத்தையும், வில்லனாக அறிமுகமாகி அகதியாக வெளிப்படும் பென் மெண்டல்சனின் பாத்திரத்தையும் பாராட்டினார்கள். பேச வேண்டிய பேச்சு அது. ஒரு பெண் விமர்சகர் 'திரைக்கதை எனக்குப் பிடிக்கவில்லை' என்று எழுதினால் ஒரு கூட்டம் அவரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். 'பிடித்தது' என்று எழுதினால் இன்னொரு கூட்டம் பின்னால் ஓடிவரும். நியாயமாகக் குறை சொன்ன ரசிகரையும் 'நீ அந்தக் கும்பலா' என்று கேட்டார்கள். போலி வெறுப்பு முதலில் நசுக்குவது நேர்மையான விமர்சனத்தைத்தான்.

அப்புறம் வசூல். படம் அமெரிக்காவில் முதல் வார இறுதியில் 15.3 கோடி டாலர், உலகம் முழுவதும் மொத்தமாக 112 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. 'பார்த்தீர்களா, மக்கள் தீர்ப்புக் கொடுத்துவிட்டார்கள்' என்று படத்தின் ஆதரவாளர்கள் மகிழ்ந்தார்கள். அதிலும் நிதானம் வேண்டும். 2018 ஏப்ரலில் வந்த மார்வெலின் 'அவெஞ்சர்ஸ்' படம் உலகத்தில் பாதிப் பேர் சாம்பலாகும் இடத்தில் முடிந்து, கடைசியில் கேப்டன் மார்வெலின் சின்னத்தைக் காட்டியது. அடுத்த பாகம் 2019 ஏப்ரலில். இடையில் வந்த இந்தப் படத்தைத் தவறவிடக் கூடாது என்றே கோடிக்கணக்கானோர் போனார்கள். டிக்கெட் வாங்குவது ஆசைக்கு அத்தாட்சி. திருப்திக்கு வேறு அளவு பார்க்க வேண்டும்.

திருப்தியை ஓரளவு காட்டுவது இரண்டாம் வார இறுதி. 2016 மார்ச்சில் வந்த 'பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்' சுமார் 25 கோடி டாலர் செலவில் எடுத்த படம். முதல் வார இறுதியில் அமெரிக்காவில் 16.6 கோடி டாலர். சினிமாஸ்கோர் 'பி'. அடுத்த வார இறுதியில் வசூல் 69 சதவீதம் சரிந்தது. 'கேப்டன் மார்வெல்' சரிந்தது ஏறக்குறைய 56 சதவீதம். இவ்வளவு பெரிய படத்துக்கு இது வழக்கமான சரிவுதான். படம் பார்த்தவர்களில் பாதிக்கு மேல் உண்மையிலேயே வெறுப்போடு வெளியே வந்திருந்தால் அது இப்படி ஓடியிருக்காது.

கூட்டம் சேர்ப்பது ஒரு பக்கத்தாரின் வேலை மட்டும் கிடையாது. 2023-ல் வல்ச்சர் இதழ் வெளியிட்ட ஒரு கட்டுரை, ஒரு விளம்பர நிறுவனம் அதிகம் அறியப்படாத விமர்சகர்களுக்குப் பணம் கொடுத்து ராட்டன் டொமேட்டோஸ் சதவீதத்தை ஏற்றிய விதத்தை வெளிக்கொண்டுவந்தது. 'ஜஸ்டிஸ் லீக்' படத்தை அதன் இயக்குநர் ஸாக் ஸ்னைடர் முதலில் எண்ணிய வடிவில் வெளியிடக் கேட்டு நடந்த இணையப் போராட்டத்தில் பங்கெடுத்த கணக்குகளில் குறைந்தது 13 சதவீதம் போலி என்று தயாரிப்பு நிறுவனத்துக்காக எடுத்த ஆய்வு கண்டதாக 2022-ல் ரோலிங் ஸ்டோன் இதழ் எழுதியது. இதே போராட்டத்தில் இருந்த உண்மையான ரசிகர்கள் தற்கொலைத் தடுப்பு அமைப்பு ஒன்றுக்கு 5 லட்சம் டாலருக்கு மேல் திரட்டிக் கொடுத்தார்கள். போலியும் அசலும் ஒரே கூட்டத்தில் கலந்து நின்றன. ஸ்கிரீன்ஷாட்டில் அதைப் பிரிக்க முடியாது.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது சில எளிய பழக்கங்கள். ஐஎம்டிபி போன்ற தளத்தில் மொத்த எண்ணைத் தட்டினால், ஒன்று முதல் பத்துவரை எத்தனை பேர் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற பட்டை வரைபடம் வரும். இயல்பாக மதிப்பிட்ட படத்தில் ஆறு, ஏழு, எட்டில் மேடு தெரியும். இரண்டிலும் மூன்றிலும் ஆளில்லாமல் ஒன்றில் மட்டும் கோபுரம் எழுந்திருந்தால் அங்கே பலர் படத்தைத் தாண்டி வேறு எதற்கோ ஓட்டுப் போட்டிருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். பத்தில் மட்டும் கோபுரம் இருந்தாலும் அதே சந்தேகம் வேண்டும். கருத்து எழுதிய தேதியைப் பாருங்கள். ரிலீஸுக்கு முந்தைய தேதி என்றால் தள்ளிவிடுங்கள். எண்ணை விட்டுவிட்டு, பிடித்தது என்பவர் ஒருவர், பிடிக்கவில்லை என்பவர் ஒருவர் என்று இரண்டு விமர்சனங்களை முழுதாகப் படியுங்கள். படத்தில் ஒரு காட்சியையாவது குறிப்பாகச் சொல்லி விளக்குகிறாரா என்று கவனியுங்கள். ஸ்கிரீன்ஷாட்டை ஃபார்வர்டு செய்யும் முன் இது எந்த எண், யாரிடம் கேட்டது என்று பாருங்கள். தெரியாவிட்டால் அனுப்பாதீர்கள்.

தளங்களும் கொஞ்சம் மாறின. 2019 மே மாதத்திலிருந்து ராட்டன் டொமேட்டோஸ், டிக்கெட் வாங்கியது உறுதியான பார்வையாளர்களின் மதிப்பீட்டைத் தனியாகப் பிரித்து முன்னால் காட்டத் தொடங்கியது. அதிலும் ஆசையோடு போகிறவர்கள் பக்கம் சாய்வு உண்டு. ஆனாலும் படம் பார்க்காதவரின் ஓட்டைவிட எவ்வளவோ மேல்.

2023 நவம்பர் 10 அன்று இதன் அடுத்த பாகமான 'தி மார்வெல்ஸ்' வந்தது. உலக வசூல் சுமார் 20 கோடி டாலரோடு நின்றுவிட்டது. '2019-லேயே சொன்னோமே' என்று பழைய கும்பல் திரும்பி வந்தது. நடிகர்கள் வேலைநிறுத்தத்தால் படத்தை அறிமுகப்படுத்த நடிகர்கள் யாரும் வர முடியவில்லை. வேலைநிறுத்தம் முடிந்தது ரிலீஸுக்கு முந்தின நாள். வீட்டிலேயே ஓடிடியில் பார்த்துக்கொள்ளலாம் என்ற பழக்கமும் அதற்குள் ஊறிவிட்டிருந்தது. இத்தனையையும் கணக்கில் எடுத்த பிறகும், சினிமாஸ்கோர் அந்தப் படத்துக்குக் கொடுத்தது 'பி'. அந்த 'பி'-யை நான் நம்புகிறேன். முதல் இரவே ஆசையோடு டிக்கெட் வாங்கிப் போய்ப் பார்த்தவர்கள் அட்டையில் பதிந்து கொடுத்த பதில் அது.