பெயர் தெரியாத ரெக்கார்டைத் துணியால் துடைக்காதீர்கள்

பழைய இசைத்தட்டுகளைக் கணினிக்கு மாற்றித் தருவது என் தொழில். ஒரு வாடிக்கையாளர், அவருடைய சித்தப்பா எண்பதுகளில் லண்டனில் வேலை பார்த்தபோது வாங்கிய எல்.பி.க்களை அட்டைப்பெட்டியோடு கொண்டுவந்தார். "பீட்டில்ஸ் மட்டும் மாத்திக் குடுங்க சார், மத்ததெல்லாம் யாருன்னே தெரியல." அந்த 'மத்த'தில் ஒன்று, டீபீஸ் என்ற குழுவின் 'ஸ்டாண்ட்ஸ் ஃபார் டெசிபல்ஸ்'.

1981இல் வந்த தட்டு. வட கரோலினாவின் வின்ஸ்டன்-சேலத்தில் வளர்ந்து நியூயார்க்கில் கூடிய நால்வர். அமெரிக்காவில் அப்போது இதை வெளியிட ஒரு நிறுவனமும் கிடைக்கவில்லை. லண்டனின் ஆல்பியன்தான் வெளியிட்டது. சொந்த ஊர்க்காரர்களே இறக்குமதித் தட்டாகத் தேடி வாங்க வேண்டியிருந்தது. அறுபதுகளின் பிரிட்டிஷ் பாடல்களைப் போன்ற மெட்டு, கணீரென்ற கிட்டார், சேர்ந்தெழும் குரல்கள், எல்லாம் சில நிமிடங்களுக்குள். இதைத்தான் பவர் பாப் என்கிறார்கள். குழுவில் பாட்டெழுதிப் பாடியவர்கள் இருவர். பீட்டர் ஹோல்சாப்பிளின் பாட்டு நேராக நெஞ்சுக்கு வரும். கிறிஸ் ஸ்டேமியின் பாட்டு எதிர்பாராத இடத்தில் திரும்பும். இருவரையும் அடுத்தடுத்துக் கேட்டபோது வேலையை மறந்து உட்கார்ந்துவிட்டேன்.

ஆனால் முதல் பக்கம் முழுக்கப் பொரிகிற சத்தம். விளக்கடியில் பிடித்துப் பார்த்தால் முடியிழை போலக் கீறல்கள். கொண்டுவருமுன் பழைய பனியன் துணியால் அழுத்தித் துடைத்திருக்கிறார். தட்டின் மேலிருந்த தூசி மணல்தாள் மாதிரி வேலை செய்துவிட்டது. நல்ல எண்ணத்தில் செய்ததுதான், வாரம் ஒருவராவது இப்படி வருகிறார்கள்.

தூசியை மென்மையான பிரஷால், வரிப்பள்ளம் ஓடும் திசையிலேயே நீக்குங்கள். கழுவ வேண்டுமானால் டிஸ்டில்ட் வாட்டர். நடுவிலுள்ள லேபிள் நனையக் கூடாது. தேய்ந்த ஊசியில் 'சும்மா ஒரு தடவை' ஓட்டிப் பார்ப்பதும் பள்ளத்தைச் செதுக்கிவிடும். பரணில் படுக்கவைத்து அடுக்காதீர்கள், வெயில் காலத்தில் வளைந்துபோகும். நிறுத்தியே வையுங்கள். மெத்தென்ற பி.வி.சி. உறை இருந்தால் இன்றே மாற்றிவிடுங்கள். அது தட்டின் மேல் பால்போன்ற படலத்தை விடும், எத்தனை கழுவினாலும் போகாது.

இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. எழுபதுகளின் நடுவிலிருந்து பல ஆண்டுகள் ஸ்டூடியோக்களில் ஓடிய மாஸ்டர் டேப்புகள், அதாவது பாடலின் மூலப் பதிவு நாடாக்கள், பலவற்றில் காந்தத்துகளைப் பிடித்திருக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கிறது. குறைந்த சூட்டில் மணிக்கணக்காக வைத்து எடுத்தால் சிறிது காலத்துக்கு மட்டும் ஓடும். பெரிய நிறுவனங்கள் தங்கள் டேப்பை அப்படிக் காப்பாற்றிக்கொள்ளும். சிறு கம்பெனிகள் மூடிப்போய், டேப் எங்கே என்றே தெரியாத குழுக்களுக்கு, யார் வீட்டிலோ கிடக்கும் நல்ல தட்டுதான் மிச்சம். மறுவெளியீடுகள் சில அப்படித் தட்டிலிருந்தே எடுக்கப்பட்டிருக்கின்றன.

நல்லவேளை, அவர் மேல்பக்கத்தை மட்டும்தான் துடைத்திருந்தார். இரண்டாம் பக்கத்தைக் கழுவி, ஒரு இரவு உலரவிட்டு ஊசியை வைத்தேன். ஒரு பொரி சத்தம்கூட இல்லை.