தண்ணீர் பட்டால் சீழ் பிடிக்காது

மறுபடியும் ஒரு குழந்தை. குடியாத்தம் பக்கம், வடிகஞ்சி கையில் கொட்டி ஒரு வாரம் ஆகிறது. கட்டைப் பிரித்தால் வெள்ளை மருந்தின் மேல் வெள்ளை மருந்து, அடியில் மஞ்சள்தூள், அதற்கும் அடியில் பேனா மை. "ஒரு சொட்டுத் தண்ணி படாம பாத்துக்கிட்டோம் சிஸ்டர்" என்கிறார் பாட்டி, பெருமையாக.

தண்ணீர் பட்டால் சுட்ட இடம் கொப்புளம் போடும், சீழ் பிடிக்கும் என்கிற பயம்தான் காரணம். கொப்புளம் போடுவது சூட்டினால், தண்ணீரால் அல்ல. சுட்டவுடன் குழாயைத் திறந்து 20 நிமிடம் காட்டுங்கள். மூன்று மணி நேரத்துக்குள் காட்டினாலும் பலன் உண்டு. ஐஸ் கூடாது. மாவு, பேஸ்ட், மை எதுவும் வேண்டாம். சுத்தமான துணியைப் போர்த்திக் கிளம்புங்கள். களிம்பைக்கூட அப்பிக்கொண்டு வராதீர்கள். காயத்தின் ஆழம் எங்களுக்குத் தெரிய வேண்டாமா?

நாங்கள் பார்த்து மருந்து கொடுத்த அப்புறம், காயத்தைத் தினமும் கழுவ வேண்டும். அந்த வெள்ளை மருந்து 1 சதவீத சில்வர் சல்பாடயசின். தொடுகிற இடத்துக் கிருமியைத்தான் கொல்லும். செத்த தோலைத் துளைத்து உள்ளே போகாது. பழையதைக் கழுவாமல் புதிதைப் பூசுவது எச்சில் இலையிலேயே அடுத்த பந்தி போடுகிற மாதிரி. சீழ் பிடிப்பது அழுக்காலும் கிருமியாலும். கொதித்து ஆறிய வெதுவெதுப்பான தண்ணீரால் பயப்படாமல் கழுவுங்கள். துணி ஒட்டியிருந்தால் நனைத்து, ஊறவிட்டு எடுங்கள், பிய்க்காதீர்கள். வலி மாத்திரையை அரை மணி முன்னாலேயே கொடுத்துவிடுங்கள். கழுவி முடிக்கும்வரை ஃபேனை நிறுத்துங்கள். வேலூர் மே மாத வெயிலில் இதைச் சொன்னால் முறைப்பீர்கள், ஆனால் தோல் போன குழந்தைக்குச் சீக்கிரம் குளிர் எடுத்துவிடும்.

பூச்சு ஒன்றரை மில்லிமீட்டர் போதும். டப்பாவில் விரல் விடாதீர்கள், கருத்துப்போன மருந்தைத் தூக்கிப் போடுங்கள். விரல்களைத் தனித்தனியாகச் சுற்றுங்கள். சேர்த்துக் கட்டினால் ஒட்டிக்கொண்டே ஆறும். சில நாளில் மஞ்சளும் சாம்பலுமாக ஒரு படலம் வரும், மருந்தும் கசிவும் கலந்தது. எங்கள் ஜூனியர் பிள்ளைகளே அதைச் சீழ் என்று எழுதிவைப்பார்கள்.

சல்பா வகை மருந்துகள் ஒத்துக்கொள்ளாதவர்கள், பிரசவம் நெருங்கியவர்கள், இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைகள் இவர்களுக்கு இந்த மருந்து கூடாது. முகத்தில் நீங்களாகப் பூசாதீர்கள். பெரிய காயம் என்றால் வெள்ளையணு குறைகிறதா என்று ரத்தம் எடுப்போம், அதற்குச் சண்டை வேண்டாம்.

முட்டையை நிறுத்திப் பத்தியம் வைப்பவர்களிடம் என்ன சொல்வது? தோல் வளரப் புரதம் வேண்டும், கொடுங்கள்.

காய்ச்சல், நாற்றம், பச்சை நிறக் கசிவு, சுற்றிலும் சிவப்பு பரவுவது, குழந்தை சோர்ந்து கிடப்பது, இதில் ஒன்றைப் பார்த்தாலும் மறுநாள் டிரெஸ்ஸிங் வரை காத்திருக்காதீர்கள். ராத்திரியானாலும் அவசரப் பிரிவுக்கு வந்துவிடுங்கள், தாயே.