பையின் எடை எங்கே இறங்குகிறது?

தமிழக வனத்துறை 2024 அக்டோபரில் 40 மலையேற்றப் பாதைகளுக்கு ஆன்லைன் பதிவைத் திறந்தது. அதிலிருந்து பேக்பேக் பற்றிய கேள்விகள் நிறைய வருகின்றன. அண்மையில் ஒரு வாசகர் கேட்டது: “காலையில் போய் மாலையில் திரும்புவதற்கும், ஓர் இரவு டென்ட்டில் தங்குவதற்கும் ஒரே பை போதுமா? எத்தனை லிட்டர் வாங்கலாம்?”

லிட்டர் கணக்கை முதலில் முடித்துவிடலாம். தண்ணீர், கட்டுச்சோறு, மழைக்கோட்டு, டார்ச், முதலுதவிப் பொட்டலம் இவற்றுக்கு 20 முதல் 25 லிட்டர் தாராளம். ஸ்லீப்பிங் பேக், விரிப்பு, மாற்றுடை எல்லாம் சேர்ந்தால் 40 முதல் 50 ஆகும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 40ஐ வாங்கி, பக்கவாட்டு வார்களை இழுத்துச் சுருக்கிப் பகல் நடைக்கும் ஓட்டிவிடலாம். ஆனால் பைக்குள் எவ்வளவு கொள்ளும் என்பதை மட்டும்தான் லிட்டர் சொல்லும். அந்த எடை உடம்பில் எங்கே போய் இறங்கும் என்று சொல்லாது. ரசமான விஷயம் அங்கேதான் இருக்கிறது.

பள்ளிப் பாடநூலில் உள்ள எலும்புக்கூட்டுப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தோளிலிருந்து கிளம்பி, எலும்பு விட்டு எலும்பு தாவி முதுகெலும்புக்குப் போக வழி தேடுங்கள். முன்பக்கமாக ஒரே ஒரு வழி உண்டு. காறை எலும்பு நெஞ்செலும்போடு சேரும் சின்ன மூட்டு அது. பின்னால் இருக்கும் தோள்பட்டை எலும்புக்கும் விலாக்கூட்டுக்கும் நடுவே எலும்பு மூட்டே கிடையாது. கழுத்திலிருந்தும் மண்டையோட்டின் பின்புறத்திலிருந்தும் இறங்கும் தசைகள்தான் அதைத் தூக்கிப் பிடித்திருக்கின்றன. சுருக்கமாக, நம் தோள் உறியில் வைத்த பானைதான். அதன் மேல் பத்து கிலோவை மாட்டினால், உறிக்கயிறாக இருக்கும் தசை நடை முடியும்வரை விடாமல் இழுத்துப் பிடித்தாக வேண்டும். அப்புறம் இன்னொரு சிக்கல். கைக்குப் போகும் நரம்புக் கற்றை காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் இடையே நுழைந்து போகிறது. தோள் வார் அங்கே அழுத்தினால் விரல்கள் மரத்துப்போகும். நெடுந்தூரம் சுமை தூக்கும் ராணுவ வீரர்களுக்குக் கையே சில வாரங்கள் வலுவிழந்துபோவதுண்டு. மருத்துவர்கள் அதை ரக்சாக் பால்சி என்பார்கள்.

இடுப்பில் நிலைமை வேறு. இடுப்பெலும்பு கெட்டியான ஒரு வளையம். அதன் மேல் விளிம்பில் வைத்த எடை, தொடை எலும்பு, கெண்டைக்கால் எலும்பு, பாதம் என்று எலும்பு வழியாகவே தரைக்குப் போய்விடும்.

அமெரிக்காவில் தச்சு வேலை பார்த்த டிக் கெல்டி என்பவர் இதைப் பிடித்துக்கொண்டார். சட்டம் (ஃபிரேம்) வைத்த பையின் கீழ் நுனிகளைக் கால்சட்டையின் பின் பாக்கெட்டில் செருகிப் பார்த்தபோது தோள் லேசானதை உணர்ந்து, அதிலிருந்து இடுப்புப் பட்டைக்குப் போனார் என்பார்கள். 1952இல் அலுமினியச் சட்டமும் இடுப்புப் பட்டையும் வைத்துப் பைகளை விற்கத் தொடங்கினார். 1963இல் எவரெஸ்ட் ஏறிய அமெரிக்கக் குழு கொண்டுபோனது அவருடைய பைகளைத்தான்.

கடைகளில் பலரும் தவறவிடும் விஷயம் ஒன்று உண்டு. வெறும் இடுப்புப் பட்டை இருந்தால் போதாது. துணி இழுத்தால் தாங்கும், அமுக்கினால் மடியும். பைக்குள் இருக்கும் எடை கீழே பட்டைக்கு வந்து சேர வேண்டுமானால், பட்டையிலிருந்து மேலே விறைப்பாக ஏதாவது நிற்க வேண்டும்: அலுமினியப் பட்டியோ, கெட்டியான பிளாஸ்டிக் தகடோ. அது இல்லாத பை தொய்ந்து இறங்கும். எடை மறுபடி தோளுக்கே திரும்பும். அத்தகைய பையில் இருக்கும் மெல்லிய நாடா, பை ஆடாமல் பிடித்துக்கொள்வதற்கு மட்டும்தான். கடையில் எட்டுப் பத்து கிலோ பொருளைப் போட்டுத் தரச் சொல்லுங்கள். இடுப்பெலும்பின் விளிம்பில் பட்டையை இறுக்கிவிட்டுத் தோள் வார்களைத் தளர்த்துங்கள். பையின் முதுகுப் பக்கம் சுருங்கி மடிந்தால் விலைச்சீட்டைப் பார்க்கவே வேண்டாம்.

அளவும் உங்கள் உயரத்தைப் பொறுத்ததல்ல. தலையைக் குனிந்தால் பின்கழுத்தில் ஓர் எலும்பு புடைக்கும். அங்கிருந்து, இரு பக்க இடுப்பெலும்பின் உச்சியையும் சேர்க்கும் கோடு வரை முதுகோடு டேப் வைத்து அளக்க வேண்டும். ஒரே உயரமுள்ள இருவருக்கு இது சில சென்டிமீட்டர் மாறலாம். பட்டை வயிற்றில் ஏறுவதும் தொடையில் இறங்குவதும் அதனால்தான்.

அடுக்கும் விதத்துக்குப் பள்ளிப் பாடத்துத் திருப்புவிசை (எடையையும் தூரத்தையும் பெருக்கும் கணக்கு) போதும். பத்து கிலோ சுமையின் ஈர்ப்பு மையம் முதுகெலும்புக்கு 20 செ.மீ. பின்னால் இருக்கிறது என்போம். 60 கிலோ ஆளின் இடுப்புக்கு மேலுள்ள பகுதி சுமார் 40 கிலோ. அதைச் சமன் செய்ய அந்த 40 கிலோவின் மையம் 5 செ.மீ. முன்னால் வர வேண்டும், அதாவது குனிய வேண்டும். குனிந்தபடி பாதையைப் பார்க்கத் தலையை நிமிர்த்தினால் கழுத்து வலிக்கும். தண்ணீரையும் அரிசியையும் முதுகை ஒட்டி வைத்து 10 செ.மீ. ஆக்கிவிட்டால், குனிய வேண்டியது பாதியாகும்.

விளம்பரங்கள் மொத்த எடையும் இடுப்புக்குப் போய்விடும் என்கிற மாதிரி பேசுகின்றன. 2004இல் வெளியான ஓர் ஆய்வில், சட்டப் பையில் கீழ்முதுகுப் பகுதி ஏற்றது சுமார் 30 சதவீதம். மிச்சம் தோளுக்கும் மேல்முதுகுக்கும் போனது. முழங்காலுக்கோ ஒரு கிராம்கூடக் குறையாது. 2005இல் நேபாளச் சுமைக்காரர்களை அளந்தார்கள். ஆண்கள் சராசரியாகத் தம் உடல் எடையில் 93 சதவீதத்தை நெற்றிப் பட்டையில் தூக்கி மலை ஏறினார்கள். சமதளத்தில் நடக்கவிட்டு அளந்தபோது, பேக்பேக் மாட்டியவர்களைவிட அவர்களுக்கு ஆற்றல் சிக்கனமாகவே செலவானது. சிறு வயது முதல் பழகிய கழுத்து அது, நாம் முயல வேண்டாம். சுமைதாங்கிக் கல் நட்ட ஊர் நம்முடையது. சும்மாட்டின் மேல் செங்கல் அடுக்கி மாடி ஏறும் சித்தாளின் கழுத்தெலும்பு என்ன பாடுபடுகிறது என்று அளக்க, ராணுவ வீரர்களின் சுமையை ஆராயப் பாதுகாப்புத் துறைக்குக் கிடைக்கும் பணத்தில் கொஞ்சமாவது வரக் கூடாதா என்பது என் ஆதங்கம்.

கடைசியாக மழை. துணியின் உட்புறம் பூசப்படும் பாலியூரித்தேன் பல பைகளில் எஸ்டர் என்னும் வேதிப் பிணைப்பு கொண்டது. ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் நீர் அந்தப் பிணைப்பை அறுத்துவிடும். நம் ஊர்ப் புழுக்கத்தில், பரணில் ஈரத்தோடு சுருட்டி வைத்த பைக்கு இதுதான் கதி. மலையில் பூச்சை நம்பாமல் உள்ளே ஒரு பெரிய பிளாஸ்டிக் பை போட்டு அதற்குள் துணிகளை வையுங்கள். பழைய பை வாங்குவதானால் உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். பிசுபிசுத்தாலோ வெள்ளைச் செதில் உதிர்ந்தாலோ, பாதி விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.