சொல் விளக்கம்: இண்டர்லூக்கின்

'இண்டர்' லத்தீன்; 'இடையே' என்று பொருள். 'லூக்' கிரேக்கத்திலிருந்து வந்தது, 'வெள்ளை'. வெள்ளணுக்களுக்கு இடையே செய்தி கொண்டுபோகும் புரதங்கள் என்ற கருத்தில், 1979இல் சுவிட்சர்லாந்தின் எர்மாட்டிங்கனில் கூடிய ஆய்வாளர்கள் இப்பெயரைச் சூட்டினார்கள். அதுவரை ஒரே பொருளை ஆளுக்கொரு பெயரில் அழைத்துக்கொண்டிருந்தார்கள். இண்டர்லூக்கின்-2க்கு அதற்கு முன் வழங்கிய பெயர்களில் ஒன்று 'டி செல் வளர்ச்சிக் காரணி'. டி செல் என்பது ஒரு வகை வெள்ளணு. என்னைக் கேட்டால் பழைய பெயர்தான் மேல். வெள்ளணு அல்லாத உயிரணுக்களும் சில இண்டர்லூக்கின்களைச் சுரக்கின்றன. புதுப் பெயரைப் பார்த்தால் அது தெரியாது.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் டியூஷனுக்கு வரும் படிவம் ஐந்து மாணவி ஒருத்தி இதற்குத் தமிழ் கேட்டாள். மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்ட அவள் அம்மா சைக்ளோஸ்போரின் சாப்பிடுகிறார். அது இண்டர்லூக்கின்-2ஐத் தடுக்கும் மருந்து என்று படித்தாளாம். எப்படித் தடுக்கிறது என்று சொல்ல, உயிரணுவின் மேற்பரப்பிலிருந்து தொடங்க வேண்டும்.

டி உயிரணுவின் (டி செல்லின்) மேல் ஏற்பிகள் உண்டு; வெளியிலிருந்து வரும் செய்தியைப் பற்றிக்கொள்ளும் புரதங்கள் அவை. இன்னோர் உயிரணு ஏந்திக் காட்டும் அந்நியப் புரதத் துண்டை ஓர் ஏற்பி பற்றிக்கொள்வது முதல் சமிக்ஞை. அது மட்டும் போதாது. ரப்பர் தோட்டத்துப் பெரட்டில், அதாவது காலை ஆள் கணக்கெடுப்பில், பெயர் கூப்பிட்டால் ஆயிற்றா? எந்தக் காட்டில் பால்வெட்டு என்று கங்காணி சொன்னால்தானே ஆள் நகரும்? இங்கே அதைச் சொல்வது சிடி28 என்ற இன்னொரு மேற்பரப்புப் புரதம். இந்த இரண்டாம் சமிக்ஞை வராவிட்டால் டி உயிரணு பெருகாது, பெரும்பாலும் மரத்துப்போய்விடும்.

இரண்டும் வந்துவிட்டால் உள்ளே வேலை மளமளவென்று நடக்கும். கால்சியம் அளவு ஏறும். அது கால்சிநியூரின் என்ற நொதியை முடுக்கும். அந்த நொதி என்ஃபாட் என்னும் புரதத்திலிருந்து பாஸ்பேட்டைக் கழற்றிவிட, என்ஃபாட் உட்கருவுக்குள் நுழைந்து வேறு சில புரதங்களோடு சேர்ந்து இண்டர்லூக்கின்-2 மரபணுவை இயக்கும். சைக்ளோஸ்போரின் கை வைப்பது கால்சிநியூரினில். அதனால் இண்டர்லூக்கின்-2 குறைகிறது, அந்நிய உறுப்பைத் தாக்கும் டி உயிரணுப் படை பெருகுவதில்லை, ஒட்டிய சிறுநீரகம் பிழைக்கிறது. தொற்று எளிதில் பிடிப்பதும் இதனால்தான்.

சுரந்த இண்டர்லூக்கின்-2ஐச் சுரந்த உயிரணுவே வாங்கிக்கொள்ளும் என்பது இதில் வேடிக்கை. தூண்டப்பட்டதும், இண்டர்லூக்கின்-2ஐப் பற்றும் ஏற்பிக்கு சிடி25 என்ற கூடுதல் பகுதியை அது மேற்பரப்பில் நிறுத்தும். பிறகு மிகக் குறைந்த காரணியும் அதற்குப் போதும்.

சரி, தமிழ்ச் சொல்? 'ரிசெப்டர்' என்பதற்கு 'ஏற்பி' நன்றாகவே நிலைத்துவிட்டது. 'செல்' நம் பக்கம் 'உயிரணு', இலங்கையில் 'கலம்'. இண்டர்லூக்கின் என்ற மொத்தக் குடும்பத்துக்கு 'வெள்ளணு இடைத்தூது' என்று உண்டாக்கலாம். ஆனால் மூலப்பெயரின் குறை அப்படியே கூட வரும். குடும்பப் பெயரை ஒலிபெயர்த்து விட்டுவிடுவேன். இண்டர்லூக்கின்-2ஐ மட்டும், முதல் முறை வரும் இடத்தில், 'டி உயிரணு வளர்ச்சிக் காரணி' என்று சேர்த்து எழுதுவேன்.