பளிங்குச் சிலைக்கு ஏன் குளிர்கால உறை?

இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷயரில், தேம்ஸ் நதிக்கு மேலே மேட்டில் நிற்கிறது கிளைவ்டன் மாளிகை. இங்கிருந்த வீடு இரண்டு முறை, 1795இலும் 1849இலும், தீக்கிரையானது. இப்போதிருப்பது சார்லஸ் பாரி வடிவமைத்தது. 1893இல் இதை வாங்கிய வில்லியம் வால்டார்ஃப் ஆஸ்டர், இத்தாலியிலிருந்து பழங்காலச் சிற்பங்களை வரவழைத்துத் தோட்டத்தை நிரப்பினார். 1942 முதல், பழங்கால இடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை இதைப் பராமரிக்கிறது. குளிர்காலம் நெருங்கினால் பளிங்குச் சிலைகளுக்கு உறை மாட்டிவிடுகிறார்கள்.

குளிர் மட்டும் பளிங்கை உடைத்துவிடாது. கல்லுக்குள் தண்ணீர் இருந்தால்தான் ஆபத்து. புதிதாக வெட்டிய பளிங்கில் நுண்துளைகள் ஒரு சதவீதம்கூட இருக்காது. தண்ணீர் எளிதில் புகாது. பின் எப்படிப் புகுகிறது?

பளிங்கு முழுக்கக் கால்சைட் என்ற கனிமத்தின் படிகங்கள். வெயிலில் சூடேறும்போது ஒவ்வொரு படிகமும் ஒரு திசையில் விரியும். அதற்குக் குறுக்குத் திசையில் சற்றுச் சுருங்கும். பக்கத்துப் படிகம் வேறு பக்கம் திரும்பி இருப்பதால், ஒன்றை ஒன்று நெட்டித் தள்ளுகின்றன. பகலில் சூடு, இரவில் குளிர் என்று பல ஆண்டுகள் இது நடந்தால் படிகங்களுக்கு இடையிலான பிடி தளர்ந்து மயிரிழை விரிசல்கள் திறக்கும். மழைநீர் அதில் ஊறும். உறையும்போது தண்ணீரின் கன அளவு சுமார் 9 சதவீதம் கூடுவதால் விரிசல் இன்னும் அகலும். தெற்கு இங்கிலாந்தின் குளிர்காலத்தில் வெப்பநிலை பூஜ்யத்துக்கு மேலும் கீழுமாக ஊசலாடிக்கொண்டே இருக்கும். மாதக்கணக்கில் உறைந்தே கிடப்பதைவிடக் கல்லுக்கு இதுதான் கொடியது. முற்றிய நிலையில், விரலால் தடவினாலே பளிங்கின் மேற்பரப்பு சர்க்கரை போல உதிரும். மூக்கு, விரல் நுனி, ஆடை மடிப்பு போன்ற மெல்லிய இடங்கள் முதலில் போகும். சிற்பியின் உளி கடைசியாகத் தொட்ட இடங்கள் அவை, போனால் போனதுதான்.

நிலக்கரிப் புகை தன் பங்குக்குக் கெடுத்தது. அதிலுள்ள கந்தக டை ஆக்சைடு கால்சைட்டை ஜிப்சமாக மாற்றும். மழை படும் இடத்தில் ஜிப்சம் கரைந்து ஓடும். படாத இடுக்குகளில் கரியோடு சேர்ந்து கருப்புப் பொருக்காக ஒட்டும்.

உறையின் வேலை மழையைத் தடுப்பது மட்டுமல்ல. சாதாரண பிளாஸ்டிக் தாளைச் சுற்றினால், கல்லிலிருந்து கிளம்பும் ஈரம் உள்ளேயே துளிர்த்துத் திரும்பக் கல்லில் இறங்கும். அதனால்தான் நீராவி வெளியேற விடும் துணி வேண்டும். கல் காய்ந்திருக்கும்போதே மாட்டுவதும் முக்கியம்.

வீட்டுக்கும் இதே கணக்குதான். பழைய செங்கல் சுவரில் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டுச் செங்கல் பொரியும். சுண்ணாம்புக் காரை அதை வெளியே விடும். சிலையின் ஒட்டுப்போட்ட கைக்குள் இருக்கும் பழைய இரும்புக் கம்பியும் ஈரம் பட்டால் துருவேறிப் பருத்துக் கல்லைப் பிளக்கும். அதை எடுத்துவிட்டு எவர்சில்வர் கம்பி வைக்கிறார்கள்.

சுத்தம் செய்வதில் அவசரம் கூடாது என்பதற்குக் கிளைவ்டனிலேயே சான்று உண்டு. ரோமின் போர்கேசே மாளிகைத் தோட்டத்திலிருந்து 1896இல் ஆஸ்டர் வாங்கிய கல் கைப்பிடிச்சுவரில், 2004இல் ஒரு சின்னஞ்சிறு நத்தையினம் கண்டறியப்பட்டது. மத்தியதரைக் கடல் பகுதியைச் சேர்ந்த அது கல்லோடு ஒட்டி வந்து, நூறாண்டுக்கு மேலாக யார் கண்ணிலும் படாமல் பெருகியிருக்கிறது. கல்லில் படரும் லைக்கன்தான் (பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் உயிரி) அதன் உணவு. அழுத்தமான நீர்ப் பீச்சலால் அந்தச் சுவரைக் கழுவினால் தளர்ந்த கல்லும் போகும், நத்தையும் போகும்.